சிதறுகாய் விட்ட இயர்போன்

கோவையின் சின்னஞ்சிறு குயிலோசை கம்பெனியைப் பெருநிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. எந்தக் குரலையும் சுருதி சேர்த்துத் தேனாக்கும் குயிலோசை இயர்போனைப் பதினோரு வருடமாகக் காதிலிருந்து கழற்றாத பூங்கொடிக்கு ரத்தம் கொதித்தது. முந்நூறு வாடிக்கையாளர்களோடு பிள்ளையார் முன்னால் நின்று, எல்லோரும் அவரவர் இயர்போனை உடைக்க, அவளும் தன்னுடையதைச் சிதறுகாய் போல ஓங்கி உடைத்தாள்.

"இனி அவிங்க சாமானத் தொடறதில்லைங்!"

மறுநாள் காலை, குளியலறையில் கணவர் சென்னியப்பன் வழக்கம்போலப் பாடினார்.

பத்து மணிக்குப் பெருநிறுவனத்தின் கடை வாசலில் முந்நூறு பேரும் புது இயர்போன் வாங்கத் தலைகுனிந்து வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் பூங்கொடி.

"சும்மா நிக்கறதுக்கு ஒரு பாட்டுப் பாடட்டுமா, கண்ணு?" என்று துணைக்கு வந்த சென்னியப்பன் தொண்டையைத் திறந்தார்.

முதல் வரி முடியவில்லை. வரிசை விலகி வழி விட்டது.

"அக்கா, நீங்க மொதல்ல போங்க!"