தூக்காத கை

கைகளை எண்ணிக்கொண்டு வந்த பதிவாளர் ஹிதாயாவிடம் வந்ததும் நின்றார்.

அவளுடைய கை மேசைமீது கிடந்தது.

இது நீங்கள் கொண்டுவந்த பிரேரணைதானே என்று சிங்களத்தில் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தாள். கையைத் தூக்கவில்லை.

அவர் அடுத்த நாற்காலிக்குப் போனார்.

ஒரு கையால் பிரேரணை தோற்றது.

பலாபத்வலைப் பக்கம் மேட்டில் இருக்கும் வளாகம் அது. விரிவுரையாளர்கள் வாகனத்தை மேலே, பிரதான கட்டடத்தின் வாசலிலேயே நிறுத்தலாம். கிளார்க்மார், நூலகத்துப் பிள்ளைகள், ஆய்வுகூடத்து ஆட்கள் எல்லாரும் கீழே வாயிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஏறி வர வேண்டும். மழை நாளில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தால்தான் அந்த ஏற்றத்தில் வழுக்காமல் வரலாம்.

எல்லாருக்கும் மேலேயே இடம் வேண்டும் என்று ஹிதாயாவும் பவாஸும் இரண்டு வருடமாக அலைந்தார்கள். கல்விசாரா ஊழியர்களுக்காக நிர்வாக சபையில் இருந்த பிரதிநிதிகள் அவர்கள் இருவரும்தான். பரீட்சைப் பிரிவில் கிளார்க்காக இருந்த ஹிதாயாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பவாஸ், ரத்தோட்டை வளைவில் பைக்கோடு விழுந்து காலுக்குள் கம்பி வைத்தவன். அந்தக் காலோடு அறை அறையாகப் போய் ஆள் திரட்டியவன்.

தேநீர்கூடக் குடிக்காமல் எல்லாரும் எழுந்து போனார்கள். பவாஸ் மட்டும் கதவருகே நின்றான்.

"என்னத்துக்கு ராத்தா? பேசிப் பேசி கொண்டு வந்து, நீங்களே என்னத்துக்கு இப்பிடி செஞ்சீங்க?"

ஹிதாயா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்குச் சொல்ல ஏலாது பவாஸ்."

"வெலை போயிட்டீங்க. வேற என்ன?"

அவன் காலை இழுத்து இழுத்துப் படியிறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பவாஸ் கெட்டவன் இல்லை. ஆனால் அவனிடம் சொன்னால்? பிரேரணை ஏன் தோற்றது என்று காட்ட அவன் இன்னொருவரிடம் சொல்வான். அப்புறம் அது வாயில் காவலர் காதுவரை போய்ச் சேர எவ்வளவு நேரம்?

முன்பக்கம் போனால் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். பின்பக்கத்தால் நடந்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பழைய களஞ்சியம். கழித்துவிட்ட கதிரைகளையும் மேசைகளையும் போட்டு வைக்கிற இடம். அதன் கதவை மறைத்தாற்போல் பிரசாந்தி விளக்குமாறோடு நின்றாள். துப்புரவு வேலைக்குக் கொம்பனி ஒன்று அனுப்பிய பிள்ளை. தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிறவள்.

"மிஸ், தோத்துட்டீங்கன்னு சொல்றாங்களே. இனியும் அந்த மேட்டுல நடந்துதான் வரணுமா? பாவம் மிஸ் நீங்க."

ஹிதாயா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

எல்லாருக்கும் மேலே இடம் கொடுத்தால் வாகனம் நிற்க நிலம் எங்கே என்று கூட்டத்தில் யாரோ கேட்டிருந்தார்கள். பதிவாளர் திரையில் வரைபடத்தைப் போட்டு, ஒன்றுக்கும் உதவாத இந்தக் களஞ்சியத்தைக் காட்டினார். அடுத்த கிழமையே இடித்துத் தள்ளிவிடலாம் என்றார். வேறு இடம் பார்த்தால் என்ன என்று ஹிதாயா கேட்டாள். ஏன், இதற்கு என்ன குறை என்று அவர் திருப்பிக் கேட்டார். அவள் கையை மேசைமீது வைத்துக்கொண்டாள்.

போன கிழமை பழைய விடைத்தாள் கட்டு ஒன்றைத் தேடி வந்தவள், கதவு இடுக்கால் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருந்தாள். கை உடைந்த கதிரைகள் இரண்டை முகம் பார்க்க வைத்துக் கயிற்றால் கட்டி, நடுவில் துணி விரித்து, ஒரு பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிரசாந்திக்கு வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையோ என்னவோ. வேலைத்தலத்துக்குப் பிள்ளையைக் கொண்டு வந்தது தெரிந்தால், அன்றைக்கே கொம்பனி சீட்டைக் கிழித்துவிடும்.

இப்போது உள்ளேயிருந்து ஒரு சிணுங்கல் வந்தது.

பிரசாந்தியின் முகம் வெளுத்தது. விளக்குமாற்றைப் பரபரவென்று சிமெந்துத் தரையில் தேய்த்தாள். சிணுங்கல் அழுகையாகியது.

"பூனை மிஸ்," என்றாள் தலையைத் தூக்காமல். "குட்டி போட்டிருக்கு."

ஹிதாயா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. கீழே இறங்குகிற பாதை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பூன குட்டிய எடம் மாத்திக்கிட்டே இருக்கும்ண்டு சொல்லுவாங்க புள்ள. இத மாத்தத் தேவல்ல. இங்கேயே இருக்கட்டும்."