கேட்டை தெரிந்த முற்றம்

இப்போது நினைத்தாலும் குற்றாலத்தில் கைலாசத்தின் வீட்டு முற்றத்தில் அந்தப் பெட்ரோமாக்ஸ் சீறுகிறது. ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சீசன். பெண் பார்க்க வந்தவர்கள் அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டி நிற்கிறார்கள். ஈரத் துண்டுகளில் எண்ணெய் வாடை. கைலாசம் வெற்றிலைத் தட்டை நீட்டியபடி நிற்கிறார். மாப்பிள்ளையின் அண்ணன் வல்லிநாயகம் அதை வாங்கிவிட்டால் மங்களேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயம். அவள் பிறந்தது கேட்டையில். கேட்டைக்காரி புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று இதுவரை வந்தவர்களெல்லாம் எழுந்து போயிருக்கிறார்கள். வல்லிநாயகம் சிரிக்கிறார். “என்னக் கொல்லப்போற நட்சத்திரம் எங்கனலே இருக்கு? காட்டு, ஒரு கும்பிடு போட்டுருதேன்.” தம்பி கை நீட்டுகிறான். “அந்தா, தென்னைக்கு மேல, செவப்பா.” மேகம் விலகிய இடத்தில் அது ஊதிவிட்ட கங்கு போல எரிகிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கதவோரம் நிற்கும் மங்களேஸ்வரியும் இன்றுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறாள். “இம்புட்டுத்தானா?” என்று வல்லிநாயகம் தட்டுக்குக் கை நீட்டுகிறார். அவர் மனைவி முத்துவடிவு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு இழுத்து மூடுகிறாள். “சாரல் அடிக்குது, நனையாதிய.” சாரல் நின்று வெகுநேரமாகிறது. துண்டின் முனையை அவள் விரல்கள் விடவேயில்லை. மங்களேஸ்வரி அந்த விரல்களையே பார்க்கிறாள். பிறகு முற்றத்தில் இறங்கி, வல்லிநாயகத்தின் கை படுமுன் அப்பாவின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக்கொள்கிறாள். “உள்ள வாங்கக்கா, இலை போடுதேன். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க.”