மாத்திரைச் சீனி

கிண்ணத்தில் பால்பணியாரம் இருப்பதைப் பார்த்ததும் முத்துக்கருப்பன் சுவரில் சாய்த்திருந்த முதுகை நிமிர்த்தினான்.

“இதுலயும் அந்த மாத்திரைதானா?”

“ஆமா. நாலு போட்டிருக்கேன். சாப்பிடுங்க,” என்றாள் மலையம்மாள்.

அவன் உடனே எடுக்கவில்லை. பாலில் ஊறி உப்பியிருந்த உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண் மங்கிப்போனதால் கிண்ணத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

நீரிழிவு என்று தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது.

முதலில் தாகம் வந்தது. களத்து வேலையின்போது ஒரு குடம் தண்ணீரை ஒருவனே குடித்தான். அப்புறம் இளைப்பு. கொல்லையில் அவன் ஒதுங்கிவந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை மலையம்மாள்தான் முதலில் பார்த்தாள்.

சீனி, வெல்லம், கருப்பட்டி எதுவும் கூடாது என்று காரைக்குடி டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சாக்கோட்டையில் இருந்த அந்த வீட்டுக்குள் அவை நுழையவில்லை. நுழைய அவள் விடவில்லை.

முத்துக்கருப்பன் அடுத்தவர் வயலில் ஒரு கதிரைக்கூடத் தொடாதவன். ஆனால் இனிப்புக்காகத் திருடினான். வேட்டி மடிப்பில் அச்சுவெல்லம் ஒளித்துவைத்தான். அவள் துழாவி எடுத்து மாட்டுத் தொட்டியில் போட்டாள்.

மகள் நாகவல்லியின் சடங்கு விருந்தில், பந்தியில் அத்தனை பேர் பார்க்க, அவன் கையிலிருந்த பணியாரத்தைப் பிடுங்கினாள்.

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் வலையபட்டி தேனம்மை ஆச்சி அவளைக் கூப்பிட்டு ஒரு புட்டியைக் கொடுத்தார். முத்துக்கருப்பன் உழுத நிலம் ஆச்சி வீட்டுடையது. ஆச்சியின் வீட்டுக்காரர் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தபோது கொண்டுவந்த புட்டி அது. உளுந்தைவிடச் சிறிய வெள்ளை மாத்திரைகள். ஒன்று போட்டால் ஒரு செம்புப் பால் இனித்துவிடும், உடம்பில் ஒட்டாது என்றார் ஆச்சி.

மலையம்மாள் வெயிலில் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

முதல் வாய்ப் பாலில் அவன் முகம் மலர்ந்தது. அது இறங்கியதும் சுருங்கிவிட்டது. முன்னால் தித்திப்பு, விழுங்கியபின் அடிநாக்கில், தகரத்தை நக்கியதுபோல ஒரு கசப்பு. அது லேசில் போகாது.

“இதுக்கு வெறும் பாலே தேவலை,” என்றான்.

ஆனாலும் அவள் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் குடித்தான்.

இந்த ஆனியில் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. பச்சிலைப் பத்துப் போட்டும் ஆறவில்லை. விரல் கறுத்தது. கறுப்பு மேலே ஏறியது. நேற்று வண்டி கட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் போனார்கள். டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். அவனை வண்டிக்கு அனுப்பிவிட்டு, அவளை மட்டும் நிறுத்திப் பேசினார்.

வெளியே வந்தவள், “மருந்த மாத்திக் குடுத்திருக்காக. ஆறிப்போகுமாம்,” என்றாள்.

இப்போது அவன் ஒரு பணியாரத்தை வாயில் போட்டான். மெதுவாக மென்றான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.

எதற்கோ காத்திருப்பவன்போல அப்படியே இருந்தான்.

பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவள் திரும்பிக்கொண்டு அடுப்புச் சாம்பலை ஒதுக்க ஆரம்பித்தாள்.

“கசக்குது புள்ள,” என்றான்.

மலையம்மாளின் கை நின்றுவிட்டது.

பாலில் மாத்திரை இல்லை. நேற்று காரைக்குடி செக்காலையில் ஒரு கடையில் வாங்கி, முந்தானையில் முடிந்துவந்த கால்படிச் சீனி முழுவதையும் அதில் கொட்டியிருந்தாள்.

“இனிமே அவரு ஆசைப்பட்டதக் குடும்மா. எதையும் தடுக்காத,” என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வாசற்படியில் இறங்கும்போதுதான் அது என்ன பேச்சு என்று புரிந்தது.

என்ன பொய் சொல்வது, எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று வழி முழுக்க யோசித்துவந்தாள். சீனியில் வராத அந்தக் கசப்பைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

அவன் அடுத்த பணியாரத்தை எடுத்தான். அவசரப்படாமல் தின்றான். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. கிண்ணத்தைச் சாய்த்துப் பாலையும் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, வெளியே நாகவல்லி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அவ கல்யாணத்தத் தைக்குத் தள்ள வேணாம். ஆவணியிலயே வச்சுரு.”

வச்சுருவோம் என்று அவன் சொல்லவில்லை.

மலையம்மாள் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

“சரிங்க,” என்றாள். “வச்சுர்றேன்.”