உரப்பை கட்டிய கமரா

இதைச் சொல்லத் தொடங்கும்போதே பயமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கம்பத்துப் பெட்டியைப் பற்றி எதையாவது பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் தயங்குகிறேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கும் அந்தப் பெட்டிகள் வந்தன. லைற் கம்பத்துக்குக் கம்பம் ஒன்று. போன் வேகமாக வேலை செய்யவும், சங்கிலி அறுக்கிற மோட்டார்சைக்கிள்காரரைப் பிடிக்கவும் என்றார் ஊர்ச் சங்கத் தலைவர் அன்புராஜா அண்ணை. ஒவ்வொரு பெட்டியின் கீழும் ஒரு கமரா.

எங்கள் கம்பத்துக் கமரா நேரே கிணற்றடியைப் பார்த்தது.

அது பங்குக் கிணறு. எனக்கும் அடுத்த வளவுச் சுவர்ணாவுக்கும் பொது. விடிந்தால் அவள் குளிப்பாள். நான் கனடாவில் இருக்கும் மகள் சாருஜாவோடு கதைத்தபடி உடுப்புத் தோய்ப்பேன்.

ஒருநாள் சுவர்ணா வரவில்லை. போய்ப் பார்த்தால் குசினிக்குள் முகம் வீங்கிப்போய் இருக்கிறாள்.

"என்னடி, குளிக்க வரேல்லையோ?"

போனை நீட்டினாள். அதிலிருந்த படத்தில் குறுக்குக்கட்டோடு நின்று தலையில் தண்ணீர் வார்க்கிறாள் சுவர்ணா. படத்துக்குக் கீழே எவனோ ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டிருந்தான்.

"லண்டனிலையிருந்து அண்ணை அனுப்பினவர். ஊர் முழுக்கச் சுத்துதாம். 'உனக்கு வெக்கமில்லையோ' எண்டு என்னைக் கேக்கிறார். நான் இனி அந்தக் கிணத்தடிக்கு வரமாட்டன் அக்கா."

கம்பத்துக் கமராதான் எடுத்திருக்கும் என்று நினைத்தேன். நேரே மருதனார்மடச் சந்திக்குப் போனேன். அன்புராஜா அண்ணை தேத்தண்ணிக் கடையில் இருந்தார்.

"உங்கடை வீட்டுப் பெண்டுகளைக் கமராவுக்கு முன்னாலை குளிக்க விடுவியளே அண்ணை?"

"பொறும் கலா. அது படத்தை வெளியிலை அனுப்பிற சாமான் இல்லை. கொழும்புக்குக்கூடப் போகாது. கம்பத்திலையே எல்லாத்தையும் பாத்து முடிச்சுப்போடும்."

"ஆர் சொன்னது? பெட்டியே உங்களோடை கதைச்சது?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் கறுத்தது.

"படிச்ச ஆக்கள் செய்தது. உமக்கென்ன விளங்கும்?"

"எனக்கு விளங்க வேண்டாம். ஒரு பொம்பிளை குளிக்கேலாமல் அழுதுகொண்டிருக்கிறாள், அது உங்களுக்கு விளங்குதோ?"

வீட்டுக்கு வந்து ஏணியை எடுத்தேன். வெறும் உரப்பை ஒன்றைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு மேலால் போட்டு, கழுத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஏணியில் நின்றபடியே ஒழுங்கைக்குக் கேட்கச் சொன்னேன்.

"இதை அவிழ்க்கிறவை முதலிலை என்னோடை கதைக்க வேணும்."

அடுத்த நாளே பெட்டிகளைப் பூட்டிய கம்பனியிலிருந்து டிலக்ஷி என்றொரு பெட்டை ஸ்கூட்டரில் வந்தாள். உரப்பையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஆர் கட்டினது?"

"நான்தான். அவிட்டால் திரும்பவும் கட்டுவன்."

"கட்டுங்கோ அன்ரி. அதுக்கு முதல் ஒருக்கா இதைப் பாருங்கோ."

கையில் வைத்திருந்த பலகை போன்ற போனில், நான் பை கட்டுவதற்கு முந்தி அந்தக் கமரா எடுத்ததைக் காட்டினாள். ஒழுங்கை தெரிந்தது. மோட்டார்சைக்கிள்கள் போயின. ஓட்டியவர்களுக்கு முகம் இல்லை, நம்பர்த் தகடு மட்டும் தெரிந்தது. வேலிக்கு உட்புறம் எல்லாமே ஒரே கறுப்பு. என் வீடு, சுவர்ணா வீடு, கிணறு, ஒன்றும் இல்லை.

"வளவையும் முகத்தையும் பெட்டி தனக்குள்ளையே மறைச்சுப்போடும். மறைச்ச பிறகுதான் பக்கத்துக் கம்பத்துப் பெட்டிக்கே குடுக்கும். ஆரும் உள்ளை கை வைச்சால் எங்களுக்குத் தெரியவரும்."

"அப்ப சுவர்ணான்ரை படம் ஆகாயத்திலையிருந்து விழுந்ததோ?"

"அந்தப் படம் இருக்கோ?"

வேலியடியில் நின்ற சுவர்ணா தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தாள். டிலக்ஷி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள்.

"அன்ரி, இதிலை கப்பிக்கு மேலாலை வானம் தெரியுது. கம்பத்து உச்சியிலையிருந்து கீழை பாத்தால் வானம் தெரியுமே? இது கிணத்துக் கட்டிலை வைச்சு எடுத்தது. மூலையிலை பாருங்கோ, ஒரு நீல வாளியின்ரை காது."

சுவர்ணா என்னைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். கையில் நான் தோய்க்கிற நீல வாளி.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சாருஜா. வழக்கம்போல முகம் தெரிகிற அழைப்பு.

"அம்மா, ரெண்டு நாளாக் கிணத்தடியைக் காட்டேல்லை என்ன? போன கிழமை நீங்கள் தோய்க்கேக்கை நான் இஞ்சை பதிஞ்ச வீடியோவை எங்கடை ஊர்க் குழுவிலை போட்டனான். எல்லாரும் எங்கடை கிணறெண்டு ஒரே சந்தோசம்."

நான் தோய்க்கும்போது போனைச் சவர்க்காரப் பெட்டியில் சாய்த்துக் கிணற்றுக் கட்டின் மேல் வைப்பேன். எனக்குப் பின்னால் சுவர்ணா குளித்துக்கொண்டிருப்பாள். குழுவில் இருந்த எவனோ ஒருவன் என்னை வெட்டி எறிந்துவிட்டு அவளை மட்டும் படமாக்கி ஊருக்கு அனுப்பியிருக்கிறான்.

"அதை இப்பவே அழி. குழுவிலை சுவர்ணாவிட்டை மன்னிப்புக் கேள். நான் இஞ்சை நேரிலை கேக்கிறன்."

டிலக்ஷி ஏணியில் ஏறி முடிச்சை அவிழ்த்தாள்.

"இந்தப் பையை எறியட்டோ அன்ரி?"

"எறியாதை பிள்ளை. தா."

கழுவிக் காயவைத்து, கிணற்றடிப் படலைக் கதவில் ஓர் ஆணி அடித்துக் கொழுவினேன். விடிய உடுப்போடு போகும்போது என் போனை அதற்குள் போட்டு, கழுத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறேன். சுவர்ணா குளிக்க வருகிறாள். கம்பத்தை அவள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. பை கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கிறாள்.