திரையின் கீழ்மூலை

ஆரியசாலை வியாபாரிகள் சங்க மண்டபத்தில் பரிப்புவடை எண்ணெய் மணக்கிறது. காசும் வேண்டாம், களவும் வேண்டாம் என்று கட்டற்ற மென்பொருளைப் பற்றி மாளவிகா எழுதிய துண்டறிக்கையில் எல்லோரும் கை துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய அமைப்பின் தலைவர் ஆனந்தகிருஷ்ணன் மேடையில், "திருட்டு மென்பொருள் நமக்கு நாணக்கேடாக்கும்!" என்று முழங்குகிறார். அவருக்குப் பின்னால், புரொஜெக்டர் ஒளி விழும் திரையின் கீழ்மூலையில், அவருடைய மடிக்கணினியில் ஓடுவதே திருட்டு நகல்தான் என்று காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை வெளிறிய எழுத்தில் நிற்கிறது. மாளவிகா அதைப் பார்த்துவிடுகிறாள். "மோளே, அந்த மூலையில என்னமோ எழுதியிருக்கே?" என்கிறார் பக்கத்திலிருக்கும் மிளகு வியாபாரி நெல்லையப்பன். "ஒண்ணுமில்லை அண்ணாச்சி." சொன்ன வாய் கசக்க, எழுந்துபோய் அந்த மூலையை மறைத்து நிற்கிறாள். எழுத்துகள் அவளுடைய வெள்ளைச் சட்டைமேல் விழுகின்றன. நெல்லையப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள்மேல் அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்.