பார்டர் மட்டும்

"ஏனம்மிணி, இதை நீயா வரைஞ்சே? பார்த்துத்தானே வரைஞ்சே?"

மாமனார் காளியண்ணன் கேட்ட கேள்வியில் வெண்ணிலாவின் கையிலிருந்த பிரஷ் நின்றது.

ஆயில் பெயிண்டில் அவள் வரைந்த முதல் முகம் அது. பழைய ஓவியர் ஒருவர் வரைந்த சேலை கட்டிய பெண்மணியை அப்படியே பார்த்து வரையச் சொல்லி, வகுப்பில் டீச்சர் கொடுத்த பாடம். "முகத்துல தேறிட்டே. ஒரு இடத்துல மட்டும் பாடத்தை மீறிட்டே" என்று டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் வந்திருந்தாள்.

"பார்த்துத்தானுங்க மாமா. பெரிய ஓவியருங்களும் இப்படித்தான் பழகுவாங்களாம்."

"பெரியவன் திருடினாலும் திருட்டு திருட்டுதான் சாமி!"

குமாரபாளையத்தில் சேலைத் தறி ஓட்டுகிறவருக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட முடியுமா? தெரியாததைப் பேசும்போதுதான் மனுஷருக்குத் தொண்டைத் தண்ணி வற்றுவதே இல்லை!

"அடுத்தவன் மூளையில உதிச்சதை நம்மூட்டுச் செவுத்துல மாட்டறதா? நாலு பேரு வந்து போற ஊடு. வகுப்புக்கு இன்னியோட முழுக்குப் போட்டுரு."

கல்யாணமாகி வந்த பிறகு தனக்கென்று வெண்ணிலா கேட்டு வாங்கியது அந்த வகுப்பு ஒன்றுதான்.

போகிற போக்கில் காளியண்ணன் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அடேங்கப்பா! சேலை பார்டர் அவரைக்கொடியாட்டம் ஓடுதே. இது இன்னும் மார்க்கெட்டுக்கே வரலியே!"

உடனே தன் தறிப் பட்டறை ஆளுக்குப் போன் போட்டார்.

"சென்றாயா! பார்டர் ஒண்ணு போட்டோ அனுப்பறேன், நாளைக்கே தறியில ஏத்து. யாரோடதா? எவனோ செத்துப்போன ஓவியனோடது. அவனா எந்திரிச்சு வந்து கேக்கப்போறான்? நம்ம சொந்த டிசைன்னு சொல்லிக்கலாம்."

என்ன நாக்கு பாருங்கள்! போன பேச்சின் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

படத்தில் பெயிண்டும் காயவில்லை. அவர் போட்டோ எடுப்பதற்குள் வெண்ணிலா டர்பன்டைனில் நனைத்த துணியால் பார்டரை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள்.

"அய்யய்யோ! ஏனம்மிணி அழிச்சே?"

"திருட்டுச் சரக்கு நம்மூட்டுல எதுக்குங்க மாமா?"

"வெளையாடாதே. அந்த ஓவியன் வரைஞ்ச படத்தைக் காட்டு, அதுல எடுத்துக்கறேன்."

செல்போனில் இருந்த மூலப் படத்தை அவள் நீட்டினாள். அதில் சேலையின் ஓரம் முழுக்க ஒரே இருட்டு.

"இதுல பார்டரே இல்லீங்க மாமா. அது ஒண்ணுதான் நான் பார்க்காம வரைஞ்சது."