கவரின் மறுமுனை

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்து வேலை கொடுப்பதில்லை, காகிதத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறான். நிரந்தர வேலை என்று மகள் செண்பகத்தை நச்சரித்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தவன் நான்தான். குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த வேலையும் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் கிடைத்திருந்தது, ஆறு மாதத்துக்கு மட்டும். பன்னிரண்டு மணிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"அசல் சர்டிபிகேட் மூணு வருஷம் எங்ககிட்டதான் இருக்கும்" என்று ஆபீஸ்காரர் என் கையிலிருந்த கவரின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை என் விரல்கள் விடவில்லை.

"பெரியவரே, நாங்க என்ன தின்னுடவா போறோம்?"

"தின்னாத்தான் நான் என்ன செய்ய முடியும்? அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன். இவ நாலு வருசம் படிச்சது இதுக்குள்ளதான் இருக்கு."

கவர் ஓரத்தில் கிழியத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"குடுத்திருங்கப்பா. நீங்கதான நிரந்தரம், நிரந்தரம்னு உசுர எடுத்தீங்க?" என்றாள் செண்பகம்.

"மதுரைக்காரனும் வாங்கி வச்சுக்குவானா தாயி?"

"பாத்துட்டுத் திருப்பித் தந்துருவாங்க. ஆனா ஆறு மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டா?"

நான் கவரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க விடுங்க."

வராந்தாவில் மதுரைக்குப் போட்ட போனைக் காதில் வைத்துக்கொண்டே கவருக்காகக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. ஆறு மாதத்தில் துரத்துகிறவனை மட்டும் எப்படி நம்புவது? கிழிந்த பக்கம் வெளியே தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன்.